சிலிண்டரும் சில்லரும் இல்லாத நான்கடித் தொட்டி

மீனோடு நீர்ச்செடிகளும் வளரும் செடித்தொட்டி வைப்பது பற்றி இணையத்தில் கிடைக்கும் காணொளிகளில் நிறைய குளிர் நாட்டுக்காரர்கள் எடுத்தவை. வாங்க வேண்டிய பொருள்களில் முதல் ஆளாக ஹீட்டர் வந்து நிற்கும். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டு வரவேற்பறைத் தொட்டியில் தண்ணீர் வருஷம் முழுக்க 28, 29 டிகிரி. மே மாதப் பிற்பகலில் 30ஐயும் தொட்டுவிடும். இந்தச் சூட்டில் செடி சீக்கிரம் வளரும், உதிர்ந்த இலை சீக்கிரம் அழுகும், பாசியும் சீக்கிரம் பிடிக்கும். ஆகவே செடிக்குக் கரியமிலவாயு ஏற்றும் சிலிண்டர், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், உயர்ரக விளக்கு எதுவும் இல்லாமல் இங்கே பெரிய தொட்டி வைக்க நினைப்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: வெளிச்சத்திலும் தீனியிலும் கஞ்சனாக இருங்கள், செடியில் தாராளமாக இருங்கள். என் தொட்டி சில ஆண்டுகளாக இப்படித்தான் ஓடுகிறது. பராமரிப்பு என்று வாரத்தில் அரை மணி நேரம் போனால் அதிகம்.

முதலில் எடை. என்னுடையது 120 செ.மீ. நீளம், 45 அகலம், 50 உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 270 லிட்டர். மண்ணும் மரக்கட்டையும் எடுத்துக்கொண்ட இடம் போகச் சுமார் 230 லிட்டர் தண்ணீர் நிற்கும். கண்ணாடி மட்டுமே ஐம்பது கிலோவைத் தாண்டும். மண், மணல், கல், அடியில் உள்ள அலமாரி எல்லாம் சேர்த்தால் மொத்தம் 400 கிலோ வரும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தரையைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். இதைக் கேட்டுப் பலர் பயந்துவிடுகிறார்கள். அது அறை முழுக்கப் பரவி நிற்கும் சுமைக்கான கணக்கு. ஒரு சுவரோரம் 400 கிலோ வைத்த உடனே ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் தளம் அதிகம் வளைவது நடுப்பகுதியில். அங்கே வைக்காதீர்கள். உத்தரம் ஓடும் சுவரோரமாக வையுங்கள். எங்கள் தொட்டி வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அறையான பாம்ப் ஷெல்டரின் சுவரை ஒட்டி நிற்கிறது. கெட்டியான கான்கிரீட் சுவர் அது. அதே மூலையில் புத்தக அலமாரி மாதிரி வேறு எந்தக் கனமும் வைக்கவில்லை. ஐந்தடி, ஆறடி என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஒரு கட்டடப் பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள். அப்புறம் அது மின்தூக்கிக்குள் நுழையுமா என்று நீங்களே அளந்து பாருங்கள், கடைக்காரர் அளக்க மாட்டார்.

அலமாரியை நிறுத்தியதும் ரசமட்டம் வைத்து நான்கு பக்கமும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கத்து சிலிக்கான் ஒட்டுக்குத்தான் நாள் முழுக்கச் சுமை. கசிந்தால் கீழ்வீட்டுக்காரரின் கூரையில்தான் போய் நிற்கும், அந்தப் பேச்சுவார்த்தை யாருக்கும் வேண்டாம். மின்கம்பிகளைப் பிளக்குக்கு நேராக இழுக்காமல், பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கும்படி விடுங்கள். கம்பியில் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக் வரை போகாது.

அடித்தளத்துக்கு விலையுயர்ந்த மீன்தொட்டி மண் தேவையில்லை. சாதாரணத் தோட்டமண் இரண்டரை செ.மீ. உயரத்துக்கு, அதன் மேல் கரடுமுரடான மணல் மூன்று, நான்கு செ.மீ. இந்த ஊரில் பையில் விற்கும் மண்ணில் பாதி தேங்காய் நார்த்தூளும் எருவும்தான். நார்த்தூள் மிதக்கும், எரு அம்மோனியாவைக் கொட்டும். எரு கலக்காத மண்ணாகக் கேட்டு வாங்கி, சல்லடையில் சலித்து, வாளியில் ஊறவைத்து, மிதப்பதை வடித்துவிட்டுப் போடுங்கள். மண் அடியில் மெல்ல மக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கரியமிலவாயு கிடைக்கும். சிலிண்டர் இல்லாத தொட்டிக்கு அது சும்மா வருகிற சீதனம். மணல் இறுகி அடியில் கெட்ட வாயு தேங்காமலிருக்க ‘டிரம்பெட் நத்தை’ எனப்படும் கூம்பு வடிவ நத்தைகள் உதவும். பகலெல்லாம் மணலுக்குள் துளைத்துக்கொண்டிருக்கும், இரவில் வெளியே வரும். சிலருக்கு அவற்றைக் கண்டாலே பிடிக்காது, பெருகிவிடும் என்பார்கள். தீனி மிச்சமானால்தான் பெருகும். நத்தைகளின் எண்ணிக்கையைப் பார்த்தே நீங்கள் எவ்வளவு போடுகிறீர்கள் என்று சொல்லிவிடலாம்.

செடிக்கு வருவோம். கஞ்சத்தனம் கூடாத இடம் இது. நாலு செடியை நட்டு வளரட்டும் என்று காத்திருந்தால் அந்தக் காலியிடத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். முதல் நாளே தரையில் முக்கால்வாசி மறைய வேண்டும். வேகமாக வளர்பவையும் மெதுவாக வளர்பவையும் கலந்து வேண்டும். முதல் வகையில் ஹைக்ரோஃபிலா, வாட்டர் ஸ்ப்ரைட், வாலிஸ்னேரியா, பக்கோப்பா. இரண்டாவது வகையில் ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், கிரிப்டோகொரைன். வேக வகைகள் ஆரம்பத்தில் மண்ணிலிருந்து வரும் அம்மோனியாவை உறிஞ்சும். மெது வகைகள் நிலைபெற்றதும் முன்னவற்றைக் குறைத்துக்கொள்ளலாம். பக்கோப்பா மொன்னியேரி கட்டைப் பிரித்தபோது அம்மா எட்டிப் பார்த்து, “இது நீர்ப்பிரமிடா, ஞாபகசக்திக்கு அரைச்சுக் குடுப்பாங்க, இதையா காசு குடுத்து வாங்கின?” என்றார். அதேதான். கடைச் செடியில் பூச்சிமருந்து அடித்திருக்கலாம், அதனால் அரைத்து யாருக்கும் கொடுக்காதீர்கள்.

செராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் ஒரே வட்டாரத்தில் பல கடைகள் இருக்கின்றன. கிளமெண்டியிலும் உண்டு. ஊர் சுற்றியபடி பார்க்க வேண்டுமென்றால் சுங்கை தெங்காவில் சியான் ஹூ பண்ணை. எங்கே வாங்கினாலும் சரி, கிரிப்டோகொரைன் விஷயத்தில் பொறுமை வேண்டும். நட்ட சில நாளில் இலை ஓரத்தில் கண்ணாடி போல ஒரு புள்ளி தெரியும். மறுநாள் அது காம்பு வரை பரவும். அதற்கடுத்து முழு இலையும் வேகவைத்த கீரை மாதிரி குழைந்து விரலில் ஒட்டும். தண்ணீர் மாறியதற்கு அந்தச் செடி காட்டும் எதிர்ப்பு அது. குழைந்த இலையை மட்டும் கிள்ளி எடுங்கள், கிழங்கைப் பிடுங்காதீர்கள். சில வாரங்களில் நடுவிலிருந்து சுருண்ட புது இலை ஒன்று எழும்பும். அது உங்கள் தண்ணீரிலேயே பிறந்த இலை, இனி கரையாது. ஜாவா ஃபெர்னுக்கும் அனுபியாஸுக்கும் நேர்மாறான விதி: அவற்றின் கிழங்குத்தண்டு மணலுக்குள் போகவே கூடாது, அழுகிவிடும். தையல் நூலால் மரக்கட்டையில் கட்டிவிட்டால் போதும்.

இப்போது வெளிச்சம். பெரும்பாலான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவுக்குத்தான் கரியமிலவாயு கரைந்திருக்கும். சிலிண்டர் வைத்திருப்பவர்கள் அதை 30 மில்லிகிராம் பக்கம் கொண்டுபோகிறார்கள். நம் தொட்டியில் மீன் மூச்சும் மக்கும் மண்ணும் சேர்ந்து காலையில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், விளக்கு எரியத் தொடங்கிச் சில மணி நேரத்தில் செடிகள் அதை உறிஞ்சித் தீர்த்துவிடும். அதற்கு மேலும் விளக்கு எரிந்தால் செடிக்குப் பெரிய பயனில்லை, சாப்பாடு தீர்ந்த பந்தியில் உட்காருவது பாசி மட்டுமே. எனவே பலம் குறைந்த எல்இடி, மொத்தம் ஏழு மணி நேரம், அதையும் இரண்டாகப் பிரித்து: காலை 11 முதல் பிற்பகல் 2 வரை, மாலை 5 முதல் இரவு 9 வரை. நடுவே மூன்று மணி நேரம் இருட்டில் கரியமிலவாயு கொஞ்சம் தேறிக்கொள்கிறது. இந்த இடைவேளை தேவையே இல்லை என்று வாதாடுபவர்களும் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. மாலை வேலை முடிந்து வந்து உட்காரும்போது விளக்கு எரிகிறதே, அதுவே எனக்குப் போதுமான காரணம்.

டைமர் கட்டாயம். கையால் போட்டு அணைக்கிற வீட்டில் ஏழு மணி நேரம் எப்படியும் பத்தாகிவிடும். மேற்கு பார்த்த சன்னல் பக்கத்தில் தொட்டியே வேண்டாம். சூடும் ஏறும், தண்ணீரும் பச்சையாகும். முதல் சில வாரங்களில் கண்ணாடியிலும் இலையிலும் பழுப்புத் தூள் படியும். அது டயாட்டம் என்ற நுண்பாசி, தானாகப் போய்விடும். தொல்லை தருவது அனுபியாஸ் இலை விளிம்பில் கறுப்பு மயிர்க்கொத்தாக வளரும் பாசி. சுரண்டினாலும் வராது. அந்த இலையையே வெட்டி எறிந்துவிட்டு விளக்கில் ஒரு மணி நேரம் குறையுங்கள். பாசியைக் கொல்ல பாட்டில் பாட்டிலாக ஏதேதோ விற்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போவதில்லை. மிதக்கும் செடி அதைவிட நல்ல மருந்து. சால்வீனியாவோ ஃபிராக்பிட்டோ மேற்பரப்பில் மூன்றில் ஒரு பங்கை மூடட்டும். அவற்றுக்குக் கரியமிலவாயு நேராகக் காற்றிலிருந்தே கிடைப்பதால் தட்டுப்பாடே கிடையாது. சத்தை உறிஞ்சி, வெளிச்சத்தையும் வடிகட்டித் தரும். வாரம் ஒரு கை அள்ளி வெளியே போட வேண்டும், இல்லாவிட்டால் அடியிலுள்ள செடிகள் இருட்டில் மெலியும். தொட்டியின் பின்பக்கம் மணி பிளாண்ட் கொடி ஒன்றின் வேரை மட்டும் தண்ணீரில் விட்டிருக்கிறேன், அது இப்போது சுவரில் பாதி ஏறிவிட்டது.

சிலிண்டர்காரர்கள் தண்ணீர் மேற்பரப்பை அசையவிட மாட்டார்கள், வாங்கிய வாயு வீணாகும் என்று. நமக்கு அசைவுதான் நல்லது. விளக்கு எரிந்து சில மணி நேரமானதும் நம் தண்ணீரில் கரியமிலவாயு காற்றுச் சமநிலைக்கும் கீழே இறங்கிவிடும். மேற்பரப்பு அலைந்தால் வெளியிலிருந்து உள்ளே வரும். ஆக்சிஜன் கணக்கும் இருக்கிறது: 25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். இரவில் செடிகளும் மூச்சுவிடுகின்றன என்பதால் விடியற்காலைதான் தொட்டியின் மோசமான நேரம். காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் தீனி கேட்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் விளக்கு அணைந்ததும் ஏர் பம்ப் ஓடத் தொடங்கும்படி இன்னொரு டைமர் இருக்கிறது.

தண்ணீர் மாற்றுவது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பலர், குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் குளோரின் போய்விடும் என்ற பழக்கத்தோடு வருகிறார்கள். இங்கே அது நடக்காது. பொதுப் பயனீட்டுக் கழகம் குழாய்நீரில் பயன்படுத்துவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின். ஒரு ராத்திரியில் ஆவியாகிப் போகிற பொருளல்ல. குளோரமினை முறிக்கும் என்று லேபிளில் போட்டிருக்கும் மருந்து வாங்குங்கள். குளோரமின் உடையும்போது கொஞ்சம் அம்மோனியா மிஞ்சும். சில மருந்துகள் அதையும் சேர்த்துக் கட்டிவிடும், இல்லாவிட்டாலும் நிலைபெற்ற ஃபில்டரும் செடிகளும் பார்த்துக்கொள்ளும். குழாயிலிருந்து ஹோஸ் போட்டு நேரே நிரப்புவதாக இருந்தால், முழுத் தொட்டியின் அளவுக்கு மருந்தை முதலில் ஊற்றிவிட்டுப் பிறகு குழாயைத் திறக்க வேண்டும். நான் இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஐம்பது லிட்டர் மாற்றுகிறேன். 2025 ஏப்ரலிலிருந்து வீட்டுத் தண்ணீர் ஆயிரம் லிட்டருக்கு 3.24 வெள்ளி. ஐம்பது லிட்டருக்குப் பதினாறு காசு. எடுத்த பழைய தண்ணீர் தாழ்வாரத்துக் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் போகிறது, இரண்டும் செழிப்பாகவே இருக்கின்றன.

ஆவியாகிக் குறைவது வேறு கணக்கு. ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பும் கழிவும் தொட்டியிலேயே தங்கிவிடும். எனவே குறைந்ததை நிரப்பிக்கொண்டே இருந்தால் தண்ணீர் மாற்றியதாக ஆகாது. ரொம்பச் சூடான வாரங்களில் மேலே சின்ன விசிறி வைத்தால் இரண்டு டிகிரி இறங்கும், தண்ணீரும் அதற்கேற்ப வேகமாகக் குறையும். இன்னொன்று, மாற்றுவதற்கு என்று வாளியில் தண்ணீரைப் பிடித்துத் திறந்தபடி வைத்துவிட்டு மறந்துபோனால் ஏடிஸ் கொசு அதை விடாது. தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வீட்டுக்கு வந்து பார்த்தால் அபராதம்தான். மீன் இருக்கும் தொட்டியில் புழு தப்பாது. வாளி, செடித்தட்டு, காலியாகக் கிடக்கும் பழைய சின்னத் தொட்டி, இவைதான் ஆபத்து.

மீன்களைப் பொறுத்தவரை, இந்த ஊர் சூட்டைத் தாங்குபவையாகத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது. நியான் டெட்ராவும் பாண்டா கோரிடோராஸும் குளிர்ந்த நீரை விரும்புபவை. கிறிஸ்டல் ரெட் இறாலுக்குச் சில்லர் இல்லாமல் முடியாது. செர்ரி இறால், ஸ்டெர்பாய் கோரிடோராஸ், கூலி லோச் எல்லாம் சமாளிக்கும். என் தொட்டியில் கூட்டமாக இருப்பது ஹார்லெக்வின் ராஸ்போரா. செம்பு நிற உடம்பு, பின்பாதியில் கறுப்பு முக்கோணம். இது இந்த மண்ணின் மீன். எங்கள் வட்டாரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் நீ சூன் சதுப்புக்காட்டு ஓடைகளில் இன்றும் வாழ்கிறது. அங்கே போய்ப் பிடிப்பது சட்டவிரோதம். கடையில் வருபவை பண்ணை மீன்கள்.

மற்ற ராஸ்போராக்கள் பெரும்பாலும் முட்டையை அப்படியே சிதறவிட்டுப் போகும். ஹார்லெக்வின் அகலமான இலையைத் தேடும். தண்ணீர் மாற்றிய மறுநாள் காலை சில சமயம் பார்க்கலாம்: ஆண் மீன் ஒரு கிரிப்டோகொரைன் இலையடியில் போய் நின்று உடம்பைச் சிலிர்க்கும், பெண் பின்னாலேயே வரும், இலைக்கு அடியில் இரண்டும் தலைகீழாகப் புரண்டு ஒரு கணம் ஒட்டி நிற்கும். விலகிப் போன பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால் இலையின் அடிப்பக்கத்தில் கண்ணாடி மணிகளாக முட்டைகள். கூட்டத்தில் மற்றவை அன்றைக்கே அதைத் தின்றுவிடும் என்பது வேறு விஷயம். குஞ்சு வேண்டுமென்றால் அந்த இலையை வெட்டித் தனித் தொட்டியில் போட வேண்டும்.

தீனி விஷயத்தில்தான் வீட்டுக்குள் சண்டை. மீனுக்கு ஒரு நாளைக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு. வாரத்தில் ஒரு நாள் பட்டினி. அம்மாவுக்கு இது கொடுமையாகப் படுகிறது. “வாயைத் திறந்து திறந்து பாக்குதுங்க, ஒரு வாய் போட்டா என்னடா குறைஞ்சிடும்?” என்பார். மிஞ்சிய தீனி இந்தச் சூட்டில் சில மணி நேரத்தில் அழுகும், அம்மோனியா ஏறும். அதுவும் நம் குழாய்நீர் போல பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 8 பக்கம் இருந்தால், அதே அளவு அம்மோனியாவில் விஷமாகும் பங்கு பிஎச் 7இல் இருப்பதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கி ஜெயிக்க முடியாது. மாத்திரை வைக்கும் ஏழுநாள் டப்பா ஒன்றில் அந்தந்த நாளின் தீனியைப் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். காலைக் காப்பிக்கு அப்புறம் அன்றைய மூடியைத் திறப்பது இப்போது அவர் உரிமை, வேறு யாரும் தொடக் கூடாது.

குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போதும் அந்த டப்பாதான் கைகொடுக்கிறது. டிசம்பரில் கல்யாணம், கோயில் என்று மூன்று வாரம் போய்விடுவோம். ஒரு வாரம் என்றால் மீனுக்கு ஒன்றுமே போட வேண்டாம், செடி அடர்ந்த தொட்டியில் மேய்வதற்கு ஏதாவது இருக்கும். மூன்று வாரத்துக்கு இரண்டு டப்பாக்களை நிரப்பி மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் அடுத்த வீட்டு மலாய் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறோம், ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு மூடி. தீனி டின்னை மட்டும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள், அன்பு மிகுதியில் யாரும் கூடுதலாகப் போட்டுவிடக் கூடாது. விளக்கை ஆறு மணி நேரமாகக் குறைத்துவிட்டு, தண்ணீரை விளிம்பு வரை நிரப்பிவிட்டுக் கிளம்பினால் போதும்.

மின்செலவைக் கேட்கிறவர்களுக்கு: விளக்கு 40 வாட், ஃபில்டர் 15, ஏர் பம்ப் 4. மாதம் இருபது யூனிட்டைச் சற்றுத் தாண்டும். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தாலும் ஏழு வெள்ளிக்குள் முடிந்துவிடும். சில்லர் சேர்த்தால் இந்தக் கணக்கு அப்படியே மாறிவிடும்.

திரும்பி வரும்போது சால்வீனியா மேற்பரப்பை முழுக்க மூடியிருக்கும், ஹைக்ரோஃபிலா தண்ணீருக்கு வெளியே தலை நீட்டியிருக்கும். அந்த வார இறுதி கத்தரிக்கோலோடு போய்விடும். வெட்டியதை லோங்காங் எனும் வடிகாலில் கொட்டக் கூடாது, கழிப்பறையிலும் விடக் கூடாது. பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், அல்லது புதிதாகத் தொட்டி வைக்கும் யாருக்காவது கொடுங்கள். வேண்டாத மீனை நீர்த்தேக்கத்தில் விடுவதும் குற்றம்தான், விசாக தினத்தையொட்டித் தேசியப் பூங்காக் கழகம் ஆண்டுதோறும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மீன் அதிகமாகிவிட்டால் கடையில் கேட்டுப் பாருங்கள், சில கடைக்காரர்கள் காசு தராவிட்டாலும் மீனை வாங்கிக்கொள்வார்கள்.